அறுபத்தொன்றாம் குழாய்

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது:
புகைப்பவரா?
இல்லை என்ற கட்டத்தில்
பேனா தானாகப் போய் நின்றது.
விசா விண்ணப்பம், வாடகை விண்ணப்பம்,
காப்புறுதி விண்ணப்பம் என
இருபது வருடமாய்
இல்லை, இல்லை என்று நடந்தே
இந்த நாட்டுக்குள் வந்த பேனா அது.

பாசலில், ரைன் ஆற்றைப் பார்த்தபடி
மூன்றாம் மாடியில் ஆய்வுகூடம்.
மற்றவர் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிப்பது
என் சம்பளம்.
ஆள் போதவில்லை, நீயும் கொடேன் என்றாள்
ரெகுலா ஹெங்கி.
கொடுத்தேன்.
பெயர் போய் எண் வந்தது:
அறுபத்தொன்று.

இரத்தக் குழாயின் உட்சுவர்
ஒற்றைக் கலத் தடிப்பு.
அதற்குள் ஒரு நொதியம்.
இரத்தம் உரசிக்கொண்டு ஓடினால் விழித்து
இம்மியளவு வாயு செய்யும்.
சில நொடிதான் அந்த வாயுவுக்கு ஆயுள்.
அதற்குள் தசையிடம் போய்
கொஞ்சம் தளர்ந்துகொள் என்று
சொல்லிவிட்டுக் கரையும்.

எனக்கு இதை விளங்கவைத்தது
பாடப் புத்தகமல்ல, கீழே போகும் படகு.
இயந்திரம் இல்லை. துடுப்பு இல்லை.
கரைக்குக் கரை கட்டிய கம்பியில் கோத்து விட்டிருக்கிறார்கள்.
ஆறு தள்ளுவதால் மட்டும்
ஆற்றுக்குக் குறுக்கே போகிறது.

அந்த நொதியத்தின் மரபணுவில்
சிலருக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும்.
வாழை என்பது வாளை ஆனதுபோல.
தோட்டக்காரனுக்கு நட்டம்,
மீன்காரன் கவனிக்கவே மாட்டான்.
எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு
ஒன்றும் சொல்வதற்கில்லை என்பாள் ரெகுலா.
புகை வந்து வாசிக்கும்போது
அது வேறு சொல்.

பின்பக்க இரும்புப் படியில்
கண்ணாடி கழுவும் எம்ரேயும் நானும்
பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று.
எங்கள் அப்பா எண்பத்திரண்டு வரை சுருட்டு,
எங்கள் பரம்பரையை இது ஒன்றும் செய்யாது என்றேன்.
என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார்,
ஐம்பத்து மூன்றில், என்றான் எம்ரே.
நெருப்பை மாற்றிக்கொண்டோம்.

மாசி மாதம், பனி கரைந்து
ஆறு கலங்கிய நாள்,
திரையில் புள்ளிகள் வந்தன.
புகைக்காதவர்கள், எழுத்து மாறியவர்கள்
எல்லோரும் ஒரு கோட்டருகே கூடியிருக்க
ஒரு புள்ளி மட்டும்
வெகு கீழே, தனியாக.
அறுபத்தொன்று, யாரிது? என்றாள்.

அவளுக்குத் தெரியாது.
திரும்பச் செய் என்றாள், செய்தேன்.
என் கையாலேயே மூன்று தடவை.
மூன்று தடவையும் அதே இடம்.
இரத்தத்துக்குப் படிவம் நிரப்பத் தெரியவில்லை.

சரி, விலக்கிவிடலாம் என்று
எலியின் மேல் விரலை வைத்தாள்.
விலக்குவது. அந்தச் சொல்லை
இதே ஊரில், இதே மொழியில்
பழுப்பு உறையில் ஒருமுறை வாங்கியிருக்கிறேன்.
மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் தந்தார்கள் அப்போது.

அது நான், என்றேன்.
ஆம் என்று மாற்றுங்கள்.

அவள் திட்டவில்லை.
என் சட்டையை மட்டும் ஒருகணம் முகர்ந்தமாதிரி இருந்தது.
இல்லை ஆம் ஆனது.
புள்ளி இடப்பக்கப் படத்திலிருந்து
வலப்பக்கம் தாவி
அதே எழுத்தும் அதே புகையும் உள்ளவர்கள் நடுவே
கோட்டின் மேலேயே உட்கார்ந்தது,
முன்பே துண்டு போட்டு
இடம் பிடித்து வைத்ததுபோல.
இந்த நாட்டில் எந்த வரிசையும்
இவ்வளவு சுலபமாய் என்னைச் சேர்த்ததில்லை.

ஐந்து மணிக்கு ஆற்றங்கரையில் நின்றேன்.
படகு அந்தப் பக்கம்.
பெட்டியில் ஏழு மிச்சம்.
எண்ணினேன், மூடினேன்.
தொங்கிய மணியை இழுத்தேன்.
ஆறு தள்ள, மெல்லக் கிளம்பியது.
அது வந்து சேரும் வரைக்கும்
இந்தக் கையை எங்கே வைப்பதென்று
தெரியவில்லை.